பேசின் மட்டும் வேண்டாம்

சிகாமட் ஆஸ்பத்திரியிலிருந்து
பிள்ளையோடு நான் லாபிஸ் திரும்பிய மத்தியானம்
அவளுக்கென்று வீட்டில் ஒன்றுமே இல்லை.
பிறக்கும் முன்னே வாங்கக்கூடாது என்று
இந்த முறை யாரும் சொல்லவில்லை.
நாங்களாகவே வாங்கவில்லை.

கரண்ட் பில்லின் பின்பக்கம்
எழுதிக் கொடுத்தேன் தவநேசனிடம்:
பருத்தி நாப்பி இரண்டு டஜன்.
முன்னால் முடிச்சுப் போடும் சட்டை ஆறு,
தலைவழி மாட்டுவது வேண்டாம்,
கழுத்து இன்னும் நிற்கவில்லை.
குடை மாதிரி விரியும் கொசுவலை.
காய்ச்சல் பார்க்கும் கருவி.
நகவெட்டி, ஆகச் சின்னது.
தெலோன் எண்ணெய் ஒரு சீசா.
தொட்டிலுக்கு ஸ்பிரிங்.
கடைசியில்,
பேசின் மட்டும் வேண்டாம், இருக்கிறது.

அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன்.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
கையில் இருநூற்றுப் பதினெட்டு வெள்ளி.
ரயிலடிப் பக்கம் பிள்ளைச் சாமான் கடையில்
கண்ணாடிக்குள்ளே
பால் சூடாக்க ஒரு மெஷின்,
பாட்டில் அவிக்க ஒரு மெஷின்,
அழுதால் பாடுகிற பஞ்சுக் கரடி.
அந்தப் பெண் விலை சொல்ல வாய் திறக்குமுன்
'பாட்டு நாங்களே பாடிக்குவோம்' என்றானாம்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் சிரித்தாளாம்.

ஸ்பிரிங்குக்கு ஆ சொங் இரும்புக்கடை.
குலை வெட்டும் அரிவாள்கள் தொங்கும் அதே கம்பியில்
தொட்டில் ஸ்பிரிங்குகளும் தொங்கின.
'பெராப்பா கிலோ?' என்றார் ஆ சொங்.
இரண்டு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம் என்றான் இவன்,
ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததை
ஒரு கிராம் விடாமல்.
ஆ சொங் ஒன்றும் பேசவில்லை.
ஆணி மூட்டை ஒன்றைக் கொக்கியில் மாட்டி
இழுத்து விட்டார்.
பதினைந்து கிலோ ஆணி
மேலும் கீழும் போய்வந்தது,
கண் சொருகப் போகிற பிள்ளை மாதிரி.
ரெண்டு வருஷம் தாங்கும், என்றார் மலாயில்.
ரெண்டு வருஷம் என்று காதில் விழுந்ததும்
பேரம் பேச மறந்துவிட்டான்.

எதிர்வீட்டு அமுதவல்லி
தன் மூன்றாவது பையன் போட்டுக் கழித்த சட்டைகளை
மைலோ பையில் கொண்டுவந்தாள்.
'பழசுன்னு நினைக்காதே' என்றாள்.
நூறு தரம் துவைத்த துணி
புதுத்துணியைவிட மெத்தென்று இருந்தது.
கடையில் இதற்கு விலை போட முடியாது,
யாராவது நூறு தரம் துவைத்தாக வேண்டுமே.

நீலப் பேசின்
குளியலறை மூலையில் கவிழ்ந்து கிடந்தது.
மூன்று வருஷத்துக்கு முன்
ஏழாம் மாதத்திலேயே ஆசைப்பட்டு வாங்கியது.
அந்தப் பிள்ளை அதில் குளிக்கவில்லை.
அப்புறம் அதில்
செம்மண் பிடித்த காற்சட்டைகள் ஊறின.
குழாயில் தண்ணீர் வராத வாரங்களில்
குடிதண்ணீர் பிடித்து வைத்தோம்.
அடியில் இருந்த வாத்துப் படம்
கழுத்துவரை தேய்ந்துவிட்டது.

மிஸ்ஸி வீட்டுக்கு வந்த அன்று
வெந்நீர் ஊற்றி மூன்று தரம் கழுவினேன்.
முழங்கை முக்கிச் சூடு பார்த்தவர்
'புதுசா ஒன்னு வாங்கலையா?' என்றார்.
'இது புதுசுதான் மிஸ்ஸி' என்றேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு பிள்ளையை மெல்ல இறக்கினார்,
முதலில் குதிகால்.

சாமான் வாங்கி மிச்சம் ஆறு வெள்ளி நாற்பது காசு.
மோட்டார் சைக்கிள் சைலன்சரில் ஓட்டை,
பட்டறையில் எழுபது கேட்கிறார்கள்.
அதனால் விடியற்காலை ஐந்தேகாலுக்கு
எஞ்சினை உதைக்காமல்
தள்ளிக்கொண்டே போகிறான் தவநேசன்,
பதினோரு வீடு தாண்டி,
சுராவ் திருப்பம் வரைக்கும்.

இருட்டில் படுத்தபடி கேட்கிறேன்.
செயின் உரசுகிறது.
யார் வீட்டு நாயோ எழுந்து
அவன்தான் என்று தெரிந்து படுத்துக்கொள்கிறது.
சிலிப்பர் சத்தம்.
பிறகு எதுவுமில்லை.
வெகு தூரத்தில், அதோ,
வண்டி இருமுகிறது.

தொட்டிலுக்குள் ஒரு கால் உதறுகிறது.
ஸ்பிரிங் ஒருமுறை இறங்கி ஏறுகிறது.
எழவில்லை.

கன்னத்தில் மட்டும் மெலிதாய் ஒரு கீறல்.
நகவெட்டியை மறந்துவிட்டு வந்திருக்கிறான்.
ஆகச் சின்னது என்று
கோடுகூடப் போட்டிருந்தேன்.